வீடுதோறும் சித்திரம் தந்த வித்தகர் – ராஜா ரவிவர்மா

ஆங்கிலப் புத்தாண்டு பிறந்ததும் நம் நெய்வேலி நகரியத்தின் எந்த வட்டத்திற்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் கேட்டு வாங்கி வந்த காலண்டர்கள் வீட்டுச் சுவர்களில் ஏறியிருக்கும். ஒரு வீட்டில் வேளாங்கண்ணி மாதா. அடுத்த வீட்டில் ஆறுமுகன். அதற்கடுத்த வீட்டில் தாமரை மேல் நிற்கும் இலக்குமி. படத்தின் அடியில் கடையின் பெயர். ஆண்டு முழுவதும் நாம் பார்ப்பது படத்தைத்தான். ஆயினும் கடையின் பெயர் நம்மை அறியாமலே மனத்தில் பதிந்துவிடுகிறது.

தமிழும் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஊர் நம் ஊர். ஒருவர் மொழியை மற்றவர் படிக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் படம் சொல்லும் கதையை எல்லாரும் படித்துவிடுகிறோம். எழுத்தறியாத பாட்டியும் படிக்கிறார். எழுத்துக் கூட்டத் தொடங்காத தம்பியும் படிக்கிறான்.

இப்படிப் படத்தால் பேசும் கலையை நம் நாட்டின் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தவர்களில் தலையாயவர் ஒருவர் உண்டு. அரச மாளிகைகளின் சுவர்களுக்கு எழுதிய கையால் ஏழையின் மண் சுவருக்கும் எழுதியவர் அவர். அதற்காகக் கடனும் பட்டவர். அவரே ஓவியர் ராஜா ரவிவர்மா. அன்னாரின் வாழ்க்கையைச் சற்றே அறிந்து கொள்வோம்.

சுவரில் கரிக்கோடு

திருவனந்தபுரத்திற்கு வடக்கே உள்ள கிளிமானூர் என்னும் சிற்றூரின் அரண்மனையில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். தந்தை வடமொழிப் புலமை மிக்கவர். தாய் உமாம்பா பாய் கவி பாடும் ஆற்றல் உடையவர். தாயார் இயற்றிய பார்வதி சுயம்வரம் என்னும் நூலை, அவர் மறைந்த பின் மகனே அச்சேற்றி வெளியிட்டார் என்பது இக்குடும்பத்தின் கலைப்பற்றுக்கு ஒரு சான்று.

சிறுவன் ரவிவர்மாவுக்கு அடுப்புக்கரிதான் முதல் தூரிகை. வெள்ளையடித்த சுவர்களில் மாடும் யானையும் மனிதரும் கரிக்கோடுகளாய் எழுந்தனர். சுவரைக் கெடுக்கிறான் பிள்ளை என்று வேலையாட்கள் முறையிட்டனர். மாமா ராஜராஜவர்மாவோ கோபம் கொள்ளவில்லை. அவரும் தஞ்சாவூர்ப் பாணியில் படம் எழுதக் கற்றவர். கறை என்று பிறர் கண்டதை அவர் கலை என்று கண்டார். தாமே மருமகனுக்கு முதல் பாடம் சொல்லித் தந்தார். நம் வீடுகளிலும் சுவரில் கிறுக்கும் தம்பி தங்கையர் உண்டு. அவர்களை அடிக்கக் கை ஓங்குமுன் இந்த மாமாவை நினைத்துக் கொள்வது நல்லது.

கற்றுத் தருவார் இல்லை

14-ஆம் வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் சேர்த்தார். அரண்மனையில் மேல்நாட்டு ஓவிய நூல்கள் இருந்தன; படங்கள் இருந்தன. கற்றுத் தரத்தான் ஆள் இல்லை. எண்ணெய் வண்ணம் அன்று நம் நாட்டிற்குப் புதிது. அதைக் குழைக்கும் முறை அறிந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர், இளைஞர் தமக்குப் போட்டியாக வளர்ந்துவிடுவாரோ என்று அஞ்சிக் கற்றுத் தர மறுத்தார். அவரிடம் பணிசெய்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு வேளைகளில் யாரும் அறியாமல் வந்து, தமக்குத் தெரிந்ததை ரவிவர்மாவுக்குச் சொல்லித் தந்தார் என்பர்.

1868-ஆம் ஆண்டு தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவப்படம் எழுத வந்தார். அவரும் கற்றுத் தர இசையவில்லை. தாம் எழுதுவதை ஓரமாக நின்று பார்க்க மட்டும் இடம் தந்தார். ரவிவர்மா பார்த்தார். எந்த வண்ணத்தின் மேல் எந்த வண்ணம் அமர்கிறது, ஒளி எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே ஒதுங்குகிறது என்று கண்ணாலேயே கற்றார். எஞ்சியதைத் தம் அறையில் பலமுறை தவறு செய்து தாமே கற்றார்.

1873-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார். மல்லிகைச் சரத்தைக் கூந்தலில் சூடிக் கொள்ளும் ஒரு நாயர் பெண்ணின் படம் அது. ஆளுநரின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வியன்னா நகரக் கண்காட்சியிலும் அது பரிசு பெற்றது. ஓரமாக நின்று பார்த்தவர் உலகம் நிமிர்ந்து பார்க்கும் ஓவியர் ஆனார். அப்பொழுது அவருக்கு வயது 25.

ஒரு நொடியில் ஒரு கதை

ரவிவர்மாவின் படங்களில் அப்படி என்ன சிறப்பு? அழகிய முகங்களும் பட்டுச் சேலையின் பளபளப்பும் மட்டும்தானா? இல்லை. கதையைச் சொல்ல எந்த நொடியைப் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

துஷ்யந்தனைக் கண்டு மனம் பறிகொடுத்த சகுந்தலையை அவர் எழுதிய படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். தோழியின் தோளைப் பற்றிக் கொண்டு, காலில் தைத்த முள்ளை எடுப்பவள் போல் சகுந்தலை நிற்கிறாள். கை காலிடம் இருக்கிறது. முகமோ பின்னால் திரும்பியிருக்கிறது. முள் தைக்கவில்லை, திரும்பிப் பார்க்க அது ஒரு சாக்கு என்று பார்த்தவுடனே நமக்குப் புரிந்துவிடுகிறது. அரசன் படத்தில் இல்லவே இல்லை. ஆனால் அவன் எந்தத் திசையில் நிற்கிறான் என்று நாம் அறிவோம். காட்டாமல் விட்டதையும் பார்ப்பவர் மனம் நிரப்பிக் கொள்ளும்படி எழுதுவதே படத்தால் கதை சொல்லும் வித்தை.

இன்னொன்றும் உண்டு. அவர் எடுத்துக் கொண்ட கதைகள் பார்ப்பவருக்கு முன்பே தெரிந்தவை. பாட்டி மடியிலும் கூத்து மேடையிலும் கேட்டவை. நளனும் தமயந்தியும், அரிச்சந்திரனும் சந்திரமதியும், சிறகு வெட்டுண்டு வீழும் சடாயுவும் நம்மவர்கள் நன்கு அறிந்தவர்கள். தெரிந்த கதைக்குப் புதிய முகம் தந்ததனால் படம் நேரே உள்ளத்தில் இறங்கியது.

பதினான்கு படங்கள்

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தம் அரண்மனைக்காக 14 புராணப் படங்களை எழுதித் தரும்படி 1888-ஆம் ஆண்டில் ரவிவர்மாவைக் கேட்டுக் கொண்டார். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. சீதையும் திரௌபதியும் எந்த ஊர் உடை உடுத்தியிருப்பார்கள்? நாடெங்கும் உள்ளவர்கள் இவள் நம் வீட்டுப் பெண் என்று எண்ணும்படி எழுதுவது எப்படி? ரவிவர்மா அறையில் அமர்ந்து கற்பனை செய்யவில்லை. தம் தம்பி ராஜராஜவர்மாவுடன் வடநாடு முழுவதும் சுற்றினார். மக்களின் முகத்தையும் உடையையும் அணிகலனையும் நேரில் கண்டு குறித்துக் கொண்டார். பிறகே தூரிகையைத் தொட்டார்.

மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் உள்ள அவரது இசைக்குழுப் படத்தில், பல்வேறு பகுதிகளைச் சேர்ந்த 11 பெண்கள் தத்தம் உடையில் ஒன்றாக அமர்ந்திருப்பதைக் காணலாம். நம் நகரியத்துத் தெருக்குழாயடியில் ஒரு மாலை நேரத்தில் கூடும் கூட்டமும் ஏறக்குறைய அப்படித்தான்!

பரோடாவின் 14 படங்களும் முடிந்ததும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அரண்மனைக்குள் என்றும் கால் வைத்திராத எளிய மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். கைகூப்பி நின்றனர். நம் ஆலயச் சுவர்களிலும் சிலுவைப் பாதை 14 நிலைகளாகப் படங்களில் விளங்குகிறதல்லவா? செபப்புத்தகம் படிக்கத் தெரியாத முதியவரும் ஒவ்வொரு படத்தின் முன்னும் முழந்தாளிட்டு முழுக் கதையையும் உணர்ந்து கொள்கிறார். பரோடாவில் நடந்ததும் அதைப் போன்றதே.

வந்தவர்களில் பலரும் அப்படங்களைத் தம் வீட்டிலும் வைத்துக் கொள்ள விரும்பினர். ஆனால் ஓர் எண்ணெய் வண்ணப் படத்தை வாங்க எளியவரால் முடியுமா? இக்குறைக்கு வழி முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். கும்பகோணத்தில் பிறந்து, திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், படங்களை அச்சிட்டு நாடெங்கும் பரப்பினால் பெருந்தொண்டாகும் என்று ரவிவர்மாவுக்கு எழுதியிருந்தார். அவ்விதை இப்பொழுது முளைத்தது.

கல்லில் விளைந்த வண்ணம்

1894-ஆம் ஆண்டு பம்பாயில் ரவிவர்மாவின் அச்சுக்கூடம் தொடங்கியது. இயந்திரங்களும் தொழில் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். நம் ஊர்ச் சுரங்கத்தில் தொடக்க நாட்களில் மண் வாரிய சக்கர இயந்திரங்களும் அதே நாட்டிலிருந்து வந்தவை என்பதை இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

அது கல் அச்சு முறை. தண்ணீரும் எண்ணெய்ப் பசையும் ஒட்டாது என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்னும் ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்தார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் பசை மையால் படம் எழுதுவார்கள். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், எழுதிய இடத்தில் மட்டும் மை பற்றும். ஈரமான இடத்தில் பற்றாது. அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு தனிக் கல் வேண்டும். ஒரே தாள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கற்களின் மேல் ஏறி இறங்க வேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் சகுந்தலையின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் அமர்ந்துவிடும்! இறுதியில் மெருகெண்ணெய் பூசினால் எண்ணெய் வண்ணப் படம் போலவே மின்னும்.

நம் நாட்டில் தெய்வப் படங்களை முதன்முதல் அச்சிட்டவர் ரவிவர்மா அல்லர். கல்கத்தாவிலும் பூனாவிலும் அதற்கு முன்பே அச்சுக்கூடங்கள் இருந்தன. ஆனால் ரவிவர்மாவின் படங்கள் சென்ற இடமெல்லாம் வேறெதுவும் சென்றதில்லை. வீணை ஏந்திய சரசுவதியும் தாமரை மேல் நிற்கும் இலக்குமியும் பூசை அறைகளில் இடம் பெற்றனர். கோயிலுக்குள் நுழைய அன்று அனுமதி மறுக்கப்பட்ட மக்களின் குடிசைகளிலும் அவை நுழைந்தன. அக்கதவு திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே படம் வந்து சேர்ந்துவிட்டது. சில வீடுகளில் பெண்கள் அச்சுப் படத்தின் மேல் பட்டுத் துணியும் ஜரிகையும் வைத்துத் தைத்து அழகு செய்தனர். வாங்கிய படம் இவ்வாறு அவர்கள் கைபட்டுச் சொந்தப் படமாயிற்று.

கடனும் கைமாற்றமும்

மக்கள் வரவேற்றார்கள், ஆனால் கணக்கு வரவேற்கவில்லை. இயந்திரம், கல், தாள், சம்பளம் என்று செலவு பெருகியது. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அச்சுக்கூடத்தை லோனாவாலாவை அடுத்த மளவலி என்னும் சிற்றூருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கடன் ஏறியது. வண்ணம் குழைக்கத் தெரிந்த கைக்கு வரவு செலவு பார்க்கும் பழக்கம் இல்லை. முடிவில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அச்சுக்கூடத்தை அங்கே பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். படங்களை அச்சிடும் உரிமையும் கைமாறியது.

எப்பொழுதும் உடனிருந்து, பயணத்திலும் படத்திலும் கணக்கிலும் தோள் கொடுத்த தம்பி ராஜராஜவர்மா 1905-ஆம் ஆண்டு மறைந்தார். அவரும் சிறந்த ஓவியர். நாட்குறிப்பு எழுதி வைத்தவர். அப்பிரிவு அண்ணனைத் தளர்த்தியது. நீரிழிவு நோயும் வாட்டியது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், பிறந்த ஊராகிய கிளிமானூரிலேயே, 58-ஆம் வயதில் ரவிவர்மா கண் மூடினார்.

இங்கே மாணவிகளாகிய நாம் மறக்கக் கூடாத ஒருவர் உண்டு. ரவிவர்மாவின் தங்கை மங்களாபாயும் ஓவியரே. அண்ணனின் உருவத்தை அவர் அழகுற எழுதியிருக்கிறார். ஆனால் அண்ணனுக்குக் கிடைத்த பயணமும் கண்காட்சியும் பதக்கமும் அக்காலத்துப் பெண்ணான அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் பிறந்த மூன்று ஓவியர்களில் ஒருவர் பெயரை உலகம் அறியும். ஒருவர் பெயரைச் சிலர் அறிவர். தங்கையின் பெயரைக் கேட்டவர் மிகக் குறைவு. இன்று நமக்குப் பள்ளி இருக்கிறது. வண்ணப் பெட்டி இருக்கிறது. போட்டியும் பரிசும் இருக்கின்றன. அவர் பெறாததை நாம் பெற்றிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்போம்.

பூசை அறையிலிருந்து கடைவீதிக்கு

ஓவியர் மறைந்தாலும் அச்சு இயந்திரம் நிற்கவில்லை. புதிய உரிமையாளர் தெய்வப் படங்களோடு வணிகப் பொருள்களுக்கான சீட்டுகளையும் அச்சிட்டார். பிற அச்சுக்கூடங்களும் ரவிவர்மாவின் உருவங்களைப் பார்த்து எழுதத் தொடங்கின. துணிக்கட்டின் மேலும் தீப்பெட்டியின் மேலும் காலண்டரிலும் அவ்வுருவங்கள் ஏறின.

வணிகர் படத்தை நாடியதற்குக் காரணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கடைக்குச் சென்று எப்படித் தமக்கு வேண்டிய பொருளைக் கேட்பார்? மயில் மார்க், மான் மார்க் என்றுதான் கேட்பார். படமே பெயர், படமே நம்பிக்கை. 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியபோது, அதன் சீட்டுகளை அச்சிடவே அச்சுத் தொழிலும் அங்கே வளர்ந்தது. பின்னர் காலண்டர் என்றாலே சிவகாசி என்றாயிற்று. அக்காலண்டர்களுக்குத் தெய்வ உருவங்களை எழுதித் தந்தவர்களுள் புகழ் பெற்றவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு. சென்னையில் பிறந்து, நாடகத் திரைகள் எழுதி, பிறகு காலண்டர் ஓவியர் ஆனவர், 1976-இல் மறைந்தார். ரவிவர்மா இட்ட கோலத்தின் தொடர்ச்சியைத் தமிழ்நாட்டில் அவரிடமும் அவர் சீடர்களிடமும் காணலாம். ரவிவர்மாவின் அச்சுக்கூடமோ 1972-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று.

ரவிவர்மாவைக் குறை கூறியவர்களும் உண்டு. மேல்நாட்டு முறையைப் பின்பற்றினார். தெய்வங்களை நாடக நடிகர் போல் ஆக்கிவிட்டார் என்று பின்வந்த கலைஞர் சிலர் கருதினர். அக்கருத்தில் உண்மை ஒரு பங்கு இருக்கலாம். ஆயினும் ஒரு நாட்டின் கோடிக்கணக்கான மக்கள் கண்ணை மூடினால் மனத்தில் தோன்றும் உருவத்தை ஒருவர் தந்துவிட்டுப் போனார் என்றால், அது சிறிய செயலாகாது.

நாம் கற்க வேண்டியது

நம்மில் எல்லாரும் ஓவியர் ஆகப் போவதில்லை. ஆசிரியையாக, செவிலியாக, பொறியாளராக, அலுவலராக, கடை நடத்துபவராகப் பலவாறு ஆகப் போகிறோம். எந்தத் தொழிலிலும் பலருக்கு ஒன்றைப் புரிய வைக்கும் கடமை வந்தே தீரும். பள்ளிக் கண்காட்சியில் நாம் ஒட்டும் அட்டைகளையே எடுத்துக் கொள்வோம். அட்டை நிறைய எழுதி வைத்தால் பெற்றோர் கடந்து போய்விடுகிறார்கள். ஒரு நல்ல படம் இருந்தால் நிற்கிறார்கள். சுரங்க வேலைக்குச் செல்லும் நம் தந்தையருக்கும் தலைக்கவசத்தின் தேவையைப் பத்து வரி அறிவிப்பைவிட ஒரு படம் விரைவில் சொல்லிவிடும். வேலை முடிந்து வரும் தந்தையை வாசலில் எதிர்பார்த்து நிற்கும் ஒரு சிறு பெண்ணை எழுதினால் போதாதா? அங்கும் தந்தையைக் காட்ட வேண்டியதில்லை. சகுந்தலையின் படத்தில் அரசனைக் காட்டாதது போலத்தான்.

பார்ப்பவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குதல். எழுதுமுன் நேரில் சென்று கண்டறிதல். ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்தல். எளியவர் கைக்கும் எட்டச் செய்தல். இந்நான்கும் ரவிவர்மாவின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடங்கள்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் பெரியது. படத்தை மக்கள் நம்பி விடுகிறார்கள். எழுத்தை ஐயுறுபவர்கூடப் படத்தை ஐயுறுவதில்லை. கெட்ட பொருளுக்கு அழகிய சீட்டு ஒட்டினாலும் அது விற்றுவிடும். ஆகவே படத்தால் பேசுகிறவருக்குப் பொறுப்பு இரு மடங்கு. உள்ளே உள்ளதையே வெளியே காட்ட வேண்டும்; இல்லாததை எழுதலாகாது.

ரவிவர்மா அச்சுக்கூடத்தால் செல்வம் சேர்க்கவில்லை, இழந்தார். ஆனால் அரண்மனைக் கதவுக்குள் அடைபட்டிருந்த வண்ணங்களை வெளியே கொண்டு வந்து, யார் என்று கேளாமல் எல்லார் வீட்டிற்கும் அனுப்பி வைத்தார். அடுத்த முறை நம் வீட்டுக் காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது ஒரு கணம் மேலே உள்ள படத்தையும் பார்ப்போம். கிளிமானூர்ச் சுவரில் கரியால் கோடு இழுத்த அந்தச் சிறுவனையும், அவனைக் கடிந்து கொள்ளாத மாமாவையும், பெயர் மறைந்து போன தங்கையையும் நன்றியோடு நினைத்துக் கொள்வோம்.